ஒரே வயரில் டிவி, நெட், போன்: கேபிள்காரரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருபது வருடத்துக்கு மேலாகக் கேபிள் லைன் நடத்துகிறேன். ஏணியைச் சாய்த்து மேலே ஏறும்போதுதான் கீழே நிற்பவர்களுக்குச் சந்தேகம் வரும். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு முழுதாகப் பதில் சொல்ல முடியாது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். எல்லாம் தமிழ்நாட்டுக் கேபிளை வைத்துத்தான்.

டிவியில் தெரிகிற சேனல் எங்கிருந்து கிளம்பி வருகிறது?

வானத்திலிருந்துதான். சேனல் நடத்துபவர்கள் நிகழ்ச்சியைச் செயற்கைக்கோளுக்கு ஏற்றுகிறார்கள். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. அங்கிருந்து இறங்கும் சிக்னலை, எம்எஸ்ஓ என்று நாங்கள் சொல்லும் பெரிய கேபிள் நிறுவனம், ஆள் உயரத்தைவிடப் பெரிய டிஷ்களை வரிசையாக வைத்துப் பிடிக்கிறது. சுமங்கலி, அரசு கேபிள் போன்றவை எம்எஸ்ஓக்கள். என்னைப் போன்ற ஊர்க்காரர் எல்சிஓ. நான் சேனல் பிடிப்பதில்லை. அவர்கள் தருவதை உங்கள் வீடு வரை கொண்டுவந்து சேர்ப்பவன்.

டிஷ் பிடித்தது எம்எஸ்ஓவின் கன்ட்ரோல் ரூமுக்குள் போகிறது. கட்டணச் சேனல் பூட்டிய பெட்டி மாதிரி வரும். சேனல்காரர் கொடுத்த ரிசீவர் அந்தப் பூட்டைத் திறக்கும். பிறகு படத்தைச் சுருக்கி, பத்துப் பதினைந்து சேனலை ஒரே மூட்டையாகக் கட்டி, எம்எஸ்ஓ தன் சொந்தப் பூட்டைப் போடும். அப்புறம் அது லேசர் ஒளியாக மாறி, ஃபைபர் என்ற கண்ணாடி இழையில் ஊர் ஊராகக் கிளம்பும். எங்கள் தெரு முனையில் தொங்கும் நோட் என்ற டப்பா ஒளியைத் திரும்ப மின் சிக்னலாக்கும். அதற்குப் பிறகு கறுப்புக் கேபிள், வழியில் சிக்னலைக் கூட்டும் ஆம்ப், வீட்டருகே அதைப் பிரித்துக் கொடுக்கும் டேப், கடைசியில் உங்கள் பாக்ஸ். ஃபைபரே வீட்டுக்குள் வந்துவிட்டால் நோட்டும் ஆம்பும் தேவையில்லை.

முன்பெல்லாம் பாக்ஸ் இல்லாமலே தெரிந்ததே, இப்போது எதற்கு?

அப்போது வந்தது அனலாக், படம் எண்ணாக மாறாமல் அலையாகவே வரும் முறை. கேபிளில் ஒரு சேனலுக்கு 8 மெகாஹெர்ட்ஸ் இடம் வேண்டும். 47 முதல் 862 வரைதான் மொத்த இடம். எப்படி அடுக்கினாலும் நூறு வாக்கில்தான் வரும். டிஜிட்டலில் அதே 8 மெகாஹெர்ட்ஸுக்குள் நொடிக்கு 38 மெகாபிட் வரை ஏற்றலாம். சாதாரணத் தரத்தில் ஒரு சேனலுக்கு இரண்டு மூன்று மெகாபிட் போதும். ஒரு சேனல் குடியிருந்த வீட்டில் ஒரு டஜனுக்கு மேல் குடிவைக்க முடிந்தது இப்படித்தான்.

சென்னைக்காரர்களுக்குப் பாக்ஸ் புதிதல்ல. கட்டணச் சேனல் பார்க்கப் பாக்ஸ் வேண்டும் என்ற முறை 2003 செப்டம்பரிலேயே அங்கே வந்துவிட்டது. நாடு முழுக்கக் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தம் 2011இல் வந்தது. பெருநகரங்களில் தொடங்கி, கடைசிக் கட்டமான கிராமங்களுக்கு 2017 மார்ச் 31 வரை கெடு. தமிழ்நாட்டில் கதை கொஞ்சம் இழுத்தது. 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு மறுபடி தொடங்கிய அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைக்க 2017 ஏப்ரல் ஆனது. அந்த 2017 செப்டம்பரில்தான் இலவசப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கினார்கள். அதுவரை பல ஊர்களில் அனலாக்தான். படத்தில் புள்ளி விழும், ஆனால் தெரியும். டிஜிட்டலில் அந்த நடுநிலை கிடையாது. சிக்னல் ஒரு அளவுக்குக் கீழே போனால் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். “பழைய கேபிளே நல்லா இருந்துச்சு” என்று பெரியவர்கள் சொல்வதில் இந்த ஒரு விஷயம் உண்மை.

ரீசார்ஜ் செய்தபின் “பாக்ஸை ஆன்ல வைங்க” என்கிறீர்களே, ஏன்?

கேபிளில் டிவி ஒருவழிப் பாதை. கன்ட்ரோல் ரூமிலிருந்து பேச முடியும், உங்கள் பாக்ஸால் பதில் பேச முடியாது. நீங்கள் பணம் கட்டியதும் “இந்த நம்பர் பாக்ஸுக்கு இந்தச் சேனல்களைத் திற” என்ற உத்தரவு கேபிள் முழுக்க ஒலிபரப்பாகும். எல்லாப் பாக்ஸுக்கும் அது போய்ச் சேரும். தன் நம்பரைப் பார்த்த பாக்ஸ் மட்டும் எடுத்துக்கொள்ளும். ரயில் நிலையத்தில் பெயர் சொல்லி மைக்கில் கூப்பிடுவது போல. நீங்கள் வெளியே டீ குடிக்கப் போயிருந்தால் கேட்காது. உத்தரவைக் கொஞ்ச நேரம் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அந்த நேரத்தில் பாக்ஸ் அணைந்திருந்தால் நான் மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும்.

ஒரு எம்எஸ்ஓவின் பாக்ஸ் இன்னொருவர் லைனில் ஓடாததும் இதனால்தான். பூட்டும் சாவியும் ஆளுக்கு ஆள் வேறு.

நான் என்ன சேனல் பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது. நீங்கள் எந்தப் பேக் வாங்கினீர்கள் என்பது மட்டும் தெரியும். டிஆர்பி கணக்கு எடுப்பவர்கள் வேறு ஆட்கள். தேர்ந்தெடுத்த வீடுகளில் கருவி வைத்துப் பார்க்கிறார்கள். நெட் வழியாக டிவி பார்த்தால் விஷயம் வேறு. அங்கே பாதை இருவழி, எதைப் பார்த்தீர்கள், எங்கே நிறுத்தினீர்கள் என்பதெல்லாம் அந்த ஆப் நடத்துபவருக்குத் தெரியும்.

பில் ஏன் இவ்வளவு குழப்பம்?

இரண்டு தனிக் கணக்கை ஒன்றாகக் கட்டுவதால். ஒன்று, லைன் கொடுப்பதற்கான கட்டணம். இன்னொன்று, கட்டணச் சேனல்களின் விலை. இரண்டுக்கும் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2019 பிப்ரவரியில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய முறை வந்தபோது முதல் 100 சேனலுக்கு லைன் கட்டணம் 130 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்றார்கள். அடுத்த ஆண்டே அதே பணத்துக்கு 200 சேனல் என்று மாற்றினார்கள். 2024 ஜூலையில் உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். இப்போது நிறுவனமே விலை வைக்கலாம். ஆகவே பக்கத்து ஊரில் வேறு விலை என்றால் ஏமாற்று என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

பேக்தான் வாங்க வேண்டும் என்று சட்டமில்லை. சேனலைத் தனித்தனியாகவும் கேட்கலாம். தனியாக வாங்கினால் பேக்கைவிட விலை கூடிப் போகும்படி வைத்திருப்பார்கள் என்பது வேறு. வீட்டில் நான்கு பேர் நான்கு விதமாகப் பார்த்தால் பேக் லாபம். தாத்தா பாட்டி மட்டும் இருக்கிற வீட்டில் மூன்று சேனலும் இலவசச் சேனல்களும் போதும் என்று நானே சொல்லிக் குறைத்துவிட்டிருக்கிறேன். எனக்கு நஷ்டம்தான், ஆனால் மாதாமாதம் வாக்குவாதம் மிச்சம்.

மழை வந்தால் பக்கத்து வீட்டு டிஷ் போய்விடுகிறது, கேபிள் ஓடுகிறதே?

வீட்டு மாடியில் இருக்கும் சின்ன டிஷ் கேயூ பேண்ட் என்ற குட்டை அலையில் வாங்குகிறது. அந்த அலையைக் கனமழை உறிஞ்சிவிடும். கன்ட்ரோல் ரூம் டிஷ்கள் பெரும்பாலும் சி பேண்ட், அலை நீளம் அதிகம், மழையைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. எங்களுக்கு எதிரி சூரியன். மார்ச் மாதத்திலும் செப்டம்பர், அக்டோபர் வாக்கிலும் சில நாள், பகலில் சில நிமிடம், சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். அதன் இரைச்சலில் சிக்னல் மூழ்கிவிடும். வெயில் பளிச்சென்று அடிக்கும்போது டிவி போனால் யாரும் நம்ப மாட்டார்கள், நான் பொய் சொல்வதாகத்தான் நினைப்பார்கள்.

முடியளவு ஃபைபரில் மூன்றும் எப்படி ஒன்றாக வருகிறது?

கண்ணாடி இழை முடியளவுதான். ஒளி போகும் நடுப்பகுதி அதைவிட மெல்லியது, 9 மைக்ரான்தான். அதற்குள் மூன்று நிற ஒளி ஒரே நேரத்தில் போகிறது. நிறம் என்றாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் ஃபைபர் நுனியைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள் என்று குழந்தைகளை விரட்டுவேன். 1550 நானோமீட்டர் ஒளியில் டிவி கீழே வருகிறது. 1490இல் இணையம் கீழே வருகிறது. 1310இல் உங்கள் வீட்டிலிருந்து இணையம் மேலே போகிறது. வீட்டில் இருக்கும் ஓஎன்யூ டப்பா மூன்றையும் பிரித்து, டிவியைக் கேபிளுக்கும் நெட்டை வைஃபைக்கும் கொடுக்கிறது. போனுக்குத் தனி நிறம் கிடையாது, அது நெட்டுக்குள்ளேயே பயணம் செய்கிறது.

எங்கள் பக்கமிருந்து ஒரு ஃபைபர் கிளம்பி, வழியில் ஸ்பிளிட்டர் வைத்து 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிகிறது. ஸ்பிளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம். கண்ணாடி கண்ணாடியைப் பிரிக்கிறது, அவ்வளவுதான். தெருவில் மின்சாரம் போனாலும் ஒளி வரும். பழைய ஆம்பை யாராவது ஒரு வீட்டுக் கரண்டில் ஓட்டுவோம். அந்த வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டால் மொத்தத் தெருவுக்கும் டிவி கிடையாது. அந்தக் கொடுமை ஒழிந்தது ஃபைபரால்தான்.

ஆனால் பிரிக்கப் பிரிக்க ஒளி குறையும். இரண்டாகப் பிரித்தால் பாதி, 32ஆகப் பிரித்தால் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. டிவிக்கு நெட்டைவிட அதிக வெளிச்சம் வேண்டும். இன்னொன்று, 1550 ஒளி வளைவைத் தாங்காது. ஃபைபரைச் சோபாவுக்குப் பின்னால் மடக்கி ஆணி அடித்து வைத்தால், நெட் ஓடும், டிவி மட்டும் உடையும். பச்சை முனையும் நீல முனையும் பார்த்திருப்பீர்கள். பச்சையின் வாய் 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேர். இரண்டையும் மாற்றிச் செருகினால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி திரும்பிப் போகும். “நாங்களே கழற்றி மாட்டினோம், அதிலிருந்து சரியில்லை” என்ற புகாருக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

கறுப்புக் கேபிளிலேயே நெட் தர முடியாதா?

முடியும். அமெரிக்காவில் பெரும்பாலும் அப்படித்தான் தருகிறார்கள், டாக்சிஸ் என்ற முறை. இந்தியாவிலும் சில நிறுவனங்கள் கொடுத்தன. அதற்கு ஆம்ப் எல்லாம் இருவழியாக இருக்க வேண்டும், ஒரு வீட்டில் தளர்ந்த முனை இருந்தால் அந்த இரைச்சல் தெரு முழுக்க மேலே ஏறும். எங்கள் பக்கத்துப் பழைய லைனுக்கு அதைச் செய்வதைவிட ஃபைபர் இழுப்பது மலிவு.

100 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் ஏன் மெதுவாக இருக்கிறது?

முதலில் கணக்கு. 100 மெகாபிட் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட். ஒரு ஜிபி படம் இறங்க எல்லாம் சரியாக இருந்தாலும் 80 நொடி ஆகும். போன் திரையில் 12 என்று பார்த்துவிட்டு “நூறு சொன்னீங்க, பன்னிரண்டுதான் வருது” என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

அடுத்தது வைஃபை. டப்பாவை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு மாடியில் வேகம் தேடுவார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு, பக்கத்து வீட்டு வைஃபையோடு மோதும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் இரண்டாவது சுவரிலேயே சோர்ந்துவிடும். உண்மை தெரிய வேண்டுமானால் லேப்டாப்பை லேன் வயரில் நேராகச் செருகிப் பாருங்கள். அதில் நூறு வந்தால் குறை வீட்டுக்குள்.

அதிலும் வரவில்லை, அதுவும் இரவு எட்டு மணிக்கு மேல்தான் குறைகிறது என்றால் குறை எங்களுடையது. ஃபைபரில் நெட் அனுப்பும் ஜிபான் என்ற முறையில் ஒரு ஃபைபருக்கு மொத்தம் 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ், கேபிள்காரர்கள் நிறையப் பேர் போட்டிருக்கும் ஈபான் என்ற இன்னொரு முறையில் 1.25 தான். 64 வீட்டுக்கும் தலைக்கு 100 விற்றால் கூட்டல் இடிக்கும். எல்லோரும் ஒரே நொடியில் இறக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் உலகம் முழுக்க இந்த வியாபாரம் நடக்கிறது. அதைவிடப் பெரிய நெரிசல், ஆபரேட்டர் மேலிருந்து வாங்கும் மொத்த அளவில் வரும். அதை யாரும் போஸ்டரில் போட மாட்டார்கள். கேட்டுப் பாருங்கள், நேர்மையானவர் சொல்வார்.

போன் கனெக்‌ஷனும் நீங்களே தருகிறீர்களா?

என் பெயரில் தர முடியாது. நான் தொழிலுக்கு வந்தபோது கேபிள் நடத்தத் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்தால் போதுமாக இருந்தது. தொலைபேசிக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உரிமம் வேண்டும். ஆகவே உரிமம் உள்ள நிறுவனத்தோடு கூட்டு. பிஎஸ்என்எல் ஃபைபர் இணைப்புகளில் நிறைய, ஊர்க் கேபிள்காரர்கள் இழுத்துக் கொடுத்தவைதான். நம்பர் அவர்களுடையது, வயர் எங்களுடையது.

உங்கள் குரலை ஓஎன்யூ நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொன்றையும் 8 பிட் எண்ணாக்கி, நெட் வழியே அனுப்புகிறது. பெருக்கிப் பாருங்கள், 64 கேபிபிஎஸ். நெட் நெரிசலில் குரல் அறுபடாமல் இருக்க அதற்கு முன்னுரிமை கொடுத்திருக்கும். லேண்ட்லைனிலிருந்து கைபேசிக்கு அழைக்க முன்னால் 0 போட வேண்டும், 2021 ஜனவரி 15 முதல் அப்படித்தான். நம்பரை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி இந்தியாவில் கைபேசிக்கு மட்டும்தான், லேண்ட்லைனுக்குக் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வரும். ஊரே இருட்டானாலும் மணி அடிக்கும். ஃபைபர் போன் உங்கள் வீட்டுக் கரண்டில் ஓடுகிறது. கரண்ட் போனால் போனும் போச்சு. முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் ஓஎன்யூவுக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று போட்டுவிடுங்கள். 108ஐக் கூப்பிட வேண்டிய ராத்திரியில் அது உதவும்.

எது போனால் யாரைத் திட்டுவது?

இந்தக் கேள்விக்காகத்தான் மேலே அவ்வளவும் சொன்னேன். ஓஎன்யூவில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. ஃபைபர் எங்கோ அறுந்திருக்கிறது, மூன்றும் இருக்காது. ஓஎன்யூவை அணைத்துப் போடுவதால் பயனில்லை, எனக்குப் போன் செய்யுங்கள். டிவி மட்டும் உடைகிறது, நெட் நன்றாக ஓடுகிறது என்றால் ஃபைபர் மடிந்திருக்கலாம், முனையில் தூசி இருக்கலாம். எல்லாச் சேனலும் தெரிகிறது, நான்கைந்து மட்டும் இல்லை என்றால் ஒன்று பேக் முடிந்திருக்கும், அல்லது அந்த மூட்டையில் கோளாறு, அது எம்எஸ்ஓ வேலை. டிவி சரி, சிவப்பு விளக்கும் இல்லை, நெட் மட்டும் இல்லை என்றால் எங்கள் பக்கத்து நெட் கருவியிலோ அதற்கு மேலோ கோளாறு. நெட் ஓடி போன் மட்டும் ஊமையானால் நம்பர் கொடுத்த நிறுவனத்தின் பக்கம் பார்க்க வேண்டும்.

என்னைக் கூப்பிடும்போது “எதுவும் வரலைங்க” என்று சொல்லாமல், எந்த விளக்கு என்ன நிறம், மூன்றில் எது இருக்கிறது என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. ஓஎன்யூவின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஒளி அளவையும் பார்க்கலாம். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27க்கும் கீழே போனால் ஆள் அனுப்ப வேண்டியதுதான்.

ஃபைபர் அறுந்தால் சரிசெய்ய ஏன் இவ்வளவு நேரம்?

அறுந்த இடத்தைத் தேடுவதில்தான் நேரம் போகிறது. ஒளியை அனுப்பி அது திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும் கருவி இருக்கிறது. ஆனால் 1,240 மீட்டரில் அறுந்தது என்று அது சொன்னாலும், கம்பத்துக்குக் கம்பம் சுருட்டி வைத்த கேபிளையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. காரணம் பெரும்பாலும் வைக்கோல் லாரி, ஜேசிபி, அல்லது அணில். கரும்பு வெட்டும் பருவத்தில் லோடு லாரி ஒரே இரவில் மூன்று தெருக் கேபிளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இடம் தெரிந்தபின் ஸ்பிளைசிங் மெஷினில் இரண்டு கண்ணாடி முனையையும் உருக்கி ஒட்ட ஒரு இழைக்கு ஐந்து நிமிடம் போதும். பன்னிரண்டு இழைக் கேபிள், மழை, குடை பிடிக்க ஒரு ஆள் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மொபைலில் பார்க்கும் கிரிக்கெட் ஏன் பக்கத்து வீட்டு டிவியைவிடத் தாமதம்?

செயற்கைக்கோள் ஏறி இறங்கக் கால் நொடிதான். படத்தைச் சுருக்கிப் பூட்டிப் பிரிக்க இன்னும் சில நொடி. நெட்டில் படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, உங்கள் போனில் இரண்டு மூன்று துண்டைச் சேர்த்து வைத்தபின்தான் ஓட்டுவார்கள். அதற்குள் பக்கத்து வீட்டில் சிக்ஸருக்குக் கத்தி முடித்திருப்பார்கள்.

இடி இடிக்கும்போது வயரைக் கழற்ற வேண்டுமா?

கறுப்புக் கேபிள் என்றால் கட்டாயம், ஆனால் இடி தொடங்கும் முன்பே. உள்ளே செம்பு, மேலே உலோக வலை, தெரு முழுக்க ஒரே தொடர்ச்சி. நான்கு வீடு தள்ளி இறங்கியது உங்கள் பாக்ஸையும் டிவியையும் சேர்த்துச் சுட்டுவிடும். ஐப்பசி மழையில் ஒரே இரவில் ஒரு தெருவில் பதினொரு பாக்ஸ் போனதை எண்ணியிருக்கிறேன். ஃபைபர் கண்ணாடி, மின்னல் அதன் வழியே வராது. ஆனால் ஓஎன்யூவின் அடாப்டர் சுவர் பிளக்கில்தானே இருக்கிறது, அதன் வழியாக வரும். ஆகவே ஃபைபரைத் தொடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். மழை விட்டதும் மறக்காமல் திரும்பச் செருகுங்கள். செருக மறந்துவிட்டு எனக்குப் போன் செய்கிறவர்களே அன்றைக்கு அதிகம்.